சாளைக்கு என்ன குறைச்சல்? – மீன் பற்றி வாசகர் கேள்வி பதில்

நம் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் மீன் பற்றியவை. ஒரே பொருளில் வந்த கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர்ப்பெயர் மட்டும் போட்டிருக்கிறோம்.

நெய்மீன் (வஞ்சிரம்) கிலோ ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பிள்ளைகளுக்குச் சத்து வேண்டுமே என்று வாரம் ஒரு தடவையாவது வாங்குகிறேன். அந்தச் சத்து சாளையில் (மத்தியில்) உண்டா? என் மாமியார் சாளையைச் சில்லறை மீன் என்று ஒதுக்குகிறார். – வடசேரி வாசகி

உண்டு. சிலவற்றில் நெய்மீனைவிடக் கூடுதலாகவே உண்டு. மீனில் நாம் தேடுவது முதலில் புரதம். அது இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அடுத்தது இதயத்துக்கும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கும் வேண்டிய ஒமேகா 3 கொழுப்பு. இதில் சாளையோடு போட்டிபோட நம் சந்தையில் அயிலையை (கானாங்கெளுத்தியை) விட்டால் வேறு மீன் அதிகமில்லை. மழைக்காலம் ஓய்ந்து ஐப்பசி, கார்த்திகையில் வரும் நெய்ச்சாளையின் வயிற்றைக் கீறினால் வெள்ளையாகக் கொழுப்பு தெரியும். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அதைத்தான். முட்டையிட்டு முடித்த சாளை மெலிந்திருக்கும், சப்பென்று இருக்கும். அப்போது அயிலைக்கு மாறிக்கொள்ளலாம்.

மூன்றாவது கால்சியம். நெய்மீன் துண்டில் நடுமுள்ளை எறிந்துவிடுகிறோம். சாளை முள்ளைத் தின்னும்படி வேகவைக்கலாம். அரைக்கிலோ சாளை, மூன்று சுளை குடம்புளி, மிளகாய்ப்பொடி, மஞ்சள்பொடி, உப்பு, அரை டம்ளர் தண்ணீர். குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 25 நிமிடம். ஆவி தானாக இறங்கட்டும். முள் மாவாகிவிடும். தண்ணீரைக் கூட்டினாலோ, திறந்ததும் கரண்டி விட்டுக் கிளறினாலோ மீன் கரைந்து கூழாகிவிடும். குக்கரைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினால் போதும். மரச்சீனிக்கு (மரவள்ளிக்கிழங்குக்கு) இதைவிடப் பொருத்தமான கூட்டு கிடையாது.

எண்ணெயில் மூழ்கடித்துப் பொரிப்பதுதான் சாளைக்குச் செய்யும் பெரிய அநியாயம். மீனின் நல்ல கொழுப்பு சட்டிக்குள் இறங்கி, சட்டி எண்ணெய் மீனுக்குள் ஏறும். பொரித்தே ஆகவேண்டும் என்றால் தோசைக்கல்லில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டுத் திருப்பிப் போடுங்கள். வாரம் இரண்டு நாள், பெரியவர்களுக்குத் தடவைக்கு 100 முதல் 150 கிராம், பிள்ளைகளுக்கு அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குகிறவர்கள் மட்டும் சாளை, நெத்தோலி இரண்டையும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும்.

நெய்மீனை விலக்கச் சொல்லவில்லை. மாதம் ஒரு முறை போதும். பெரிய மீன் சின்ன மீனைத் தின்று வளர்வதால், கடலில் உள்ள பாதரசம் அதன் தசையில் வருடக்கணக்கில் சேர்கிறது. ஒரு கிலோவுக்கும் கீழே நிற்கும் குட்டி நெய்மீனை விலை குறைவு என்று வாங்காதீர்கள். அது ஒரு முறைகூட முட்டையிட்டிருக்காது.

சாளையும் அள்ள அள்ளக் குறையாத மீன் அல்ல. கேரளக் கரையில் 2012ல் ஏறத்தாழ 4 லட்சம் டன் கிடைத்தது. 2021ல் 3,500 டன்னைக்கூடத் தொடவில்லை. கடலின் வெப்பம், மழை, குஞ்சுப் பிடிப்பு எல்லாம் சேர்ந்து செய்த வேலை. வேகமாக வளர்ந்து வேகமாகப் பெருகும் இனம் என்பதால் மறுபடி எழுந்து வருகிறது. எழுந்து வர இடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

குஞ்சு மீன் வாங்காதே என்கிறார்கள். எது குஞ்சு, எது சின்ன மீன் என்று சந்தையில் நின்று எப்படிக் கண்டுபிடிப்பது? – குழித்துறை

பணப்பையில் இருக்கும் நோட்டுகளே அளவுகோல். புதிய 10 ரூபாய் நோட்டு 12.3 செ.மீ. நீளம், 100 ரூபாய் 14.2, 500 ரூபாய் சரியாக 15.

பக்கத்துக் கேரளத்தில் பிடிக்கவும் விற்கவும் சட்டப்படி குறைந்தபட்ச நீளம் உண்டு: சாளை 10 செ.மீ., அயிலை 14, வெள்ளை வாவல் 13, கறுப்பு வாவல் 17, வாளை 46, நெய்மீன் 50. ஊசிக்கணவாய்க்கு உடல் மட்டும் 8, ஓட்டுக்கணவாய்க்கு 11. நம் சந்தைக்கு வரும் மீனில் கணிசமான பங்கு அங்கிருந்துதான் என்பதால் இந்த அளவுகளை மனதில் வைப்பது நல்லது. ஆக, அயிலை 100 ரூபாய் நோட்டைவிடக் குட்டையாக இருந்தால் தொடவே வேண்டாம். ஆனால் சட்ட அளவு கீழ் எல்லைதான். சாளை முட்டைக்குத் தயாராவது 15 செ.மீ. வாக்கில். எனவே 500 ரூபாய் நீளச் சாளை இருக்கும்போது 10 ரூபாய் நீளத்தை ஏன் வாங்க வேண்டும்? தலையும் குடலும் போனால் குட்டிச்சாளையில் மிஞ்சுவது பாதிதான். கிலோ விலை குறைவு என்பது கண்கட்டு.

நெத்தோலி விஷயம் வேறு. அது வளர்ந்தே அவ்வளவுதான், தின்பதில் தவறில்லை. ஆனால் நெத்தோலிக் கூறில் சாளைக் குஞ்சைக் கலந்து வைப்பதுண்டு. நெத்தோலிக்கு மூக்கு முன்னால் நீண்டு, வாய் கண்ணுக்குப் பின்னாலும் கிழிந்து போகும். பக்கவாட்டில் ஒரு வெள்ளிக் கோடு ஓடும். சாளைக் குஞ்சுக்கு வாய் சிறியது, உடல் தட்டை, அடிவயிற்றில் விரலை வாலிலிருந்து தலைப் பக்கமாக ஓட்டினால் ரம்பம்போல் உறுத்தும்.

எந்த வலையில் பிடித்தது என்றும் கேளுங்கள். தூண்டில் மீனுக்கு வாயில் துளை இருக்கும், செதில் கலையாமல் இருக்கும். செவுள் வலையில் பட்டதற்குக் கழுத்தைச் சுற்றி நூல் தடம் தெரியும். இழுவை மடியில் வந்தது நசுங்கி, செதில் உதிர்ந்து, சிலவேளை குடல் வாய்வழியே தள்ளியிருக்கும். மடி கடலடியை வாரி வருவதால் குஞ்சும் கழிசலும் கூடவே வந்து, கோழித்தீவன ஆலைக்கும் உர ஆலைக்கும் போகிறது. தூண்டில் மீனுக்குக் கிலோவுக்கு ஐம்பது, நூறு கூடுதலாகக் கேட்பார்கள். கொடுக்கலாம். அது நீண்ட நேரம் தாங்கும் என்பதால் உங்களுக்கும் இலாபம்.

மீன்பிடித் தடைக்காலம் என்கிறார்கள், ஆனால் சந்தையில் மீன் கிடந்துகொண்டுதான் இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது? அப்போது மீன் வாங்குவது சரியா? – மார்த்தாண்டம்

வேறு மாவட்டக்காரர்களுக்கு இல்லாத குழப்பம் இது. நம் மாவட்டத்துக்கு இரண்டு கடல், அதனால் இரண்டு தடை. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் சேரும். அங்கே விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் மேற்குக் கணக்கு. அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள். இதைக் கூட்டிப் பார்த்தால் வாங்குகிறவருக்கு ஒரு நாள்காட்டி கிடைக்கும்.

ஏப்ரல் பாதியிலிருந்து மே முடிய குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணத்து விசைப்படகுகள் ஓடும். கணவாய், சங்கரா, இறால் உள்ளூரிலேயே கிடைக்கும். ஜூன் 1 முதல் 14 வரை மாவட்டத்தில் ஒரு விசைப்படகும் கடலுக்குப் போகக்கூடாது. அந்த இரண்டு வாரத்தில் மலைபோல் குவிந்திருக்கும் பெரிய இறாலும் சங்கராவும் குளிர்பதனக் கிடங்கிலிருந்தோ தொலைதூர லாரியிலிருந்தோ வந்தவை. ஜூன் 15க்குப் பிறகு சின்னமுட்டமும் தூத்துக்குடி, இராமேஸ்வரம் பக்கமும் திறக்கும். ஆகஸ்ட் பிறந்ததும் மேற்குக்கரை திறக்கும்.

வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும் இந்தத் தடை இல்லை. கடல் கொந்தளிக்காத நாளில் அவர்கள் கொண்டுவரும் சாளை, அயிலை, நெத்தோலி, பாறை, தூண்டில் கணவாய் இவற்றைத் தடைக்காலத்தில் மனச்சங்கடம் இல்லாமல் வாங்கலாம். சொல்லப்போனால் அப்போது வாங்குவதுதான் அவர்களுக்குக் கைகொடுப்பது. மணக்குடி, கடியப்பட்டணம் போன்ற கரைகளில் வள்ளம் அடையும் நேரத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு ஏலம் முடிந்ததும் வாங்குவது நல்லது. கரையில் விலை நாளுக்கு நாள், சில நேரம் வள்ளத்துக்கு வள்ளம் மாறும்; சந்தை விலையை மனதில் வைத்துப் பேரம் பேசாதீர்கள்.

இந்த மாதங்களைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று எழும்போது நம் கரையோரம் அடிநீர் மேலே வந்து, உணவுச்சத்து பெருகும். சாளை உட்படப் பல இனங்கள் குஞ்சுக்குச் சோறு கிடைக்கும் இந்த நேரம் பார்த்துத்தான் முட்டையிடுகின்றன. ஜூன், ஜூலையில் முட்டை நிறைந்த மீன் ருசி என்று தேடி வாங்குகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: ஆகஸ்ட் முதல் வாரத்தில் விலை சரியும்; கூடவே குட்டிச் சங்கராவும் விரலளவு கணவாயும் வந்து குவியும். அவசரப்படாமல் பத்து நாள் பொறுத்தால் தரமானது வரும்.

கெடாமலிருக்கப் பார்மலின் என்ற இரசாயனம் போட்ட மீனை வீட்டில் கண்டுபிடிக்க முடியுமா? உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் போய்விடும் என்று கைபேசியில் வந்த காணொலி உண்மையா? – கருங்கல்

காணொலியை நம்பாதீர்கள். மேற்புறத்தில் ஒட்டியது கொஞ்சம் கழுவுப்படலாம். தசைக்குள் இறங்கியது போகாது.

2018 ஜூனில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை ‘சாகர் ராணி’ என்ற பெயரில் சோதனை நடத்தி, எல்லைச் சாவடிகளில் டன் கணக்கில் கெட்ட மீனைப் பிடித்தது. அப்போது பயன்பட்ட தாள்பட்டைச் சோதனையைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியது. பட்டையை மீன்மேல் தேய்த்து ஒரு சொட்டுத் திரவம் விட்டால் சில நிமிடத்தில் நிறம் காட்டும். பார்மலினுக்கு ஒன்று, அம்மோனியாவுக்கு ஒன்று. வீட்டுக்கு வாங்கி வைப்பதைவிட, குடியிருப்புச் சங்கமோ மகளிர் குழுவோ ஒரு பெட்டி வாங்கி வைத்தால் கட்டுப்படியாகும். சந்தேகப்பட்ட மீனை உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் ஒப்படைக்கலாம்.

கண்ணாலும் கையாலும் பார்க்கும்போது அடையாளங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். புது மீனுக்குக் கண் பிதுங்கி, செவுள் சிவந்து, தசை அழுத்தினால் எழும்பி, கடல்வாடை அடிக்கும். பழைய மீனுக்குக் கண் குழிந்து, செவுள் பழுப்பாகி, தசை தளர்ந்து, நாறும். கண் குழிந்து செவுள் வெளுத்திருக்க, தசை மட்டும் ரப்பர்போல் விறைத்து, நாற்றமே இல்லை என்றால் அங்கேதான் கோளாறு. ஈ மொய்க்காததை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். நல்ல பனிக்கட்டியில் கிடக்கும் மீனிலும் ஈ அண்டாது. செவுளைத் திறந்து பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள். சிவப்புச் சாயம் தடவிய செவுள் என்றால் ஈரத்துணியில் நிறம் ஏறும்.

காலையில் கரை சேர்ந்து மதியத்துக்குள் விற்றுப்போகும் சாளைக்கு யாரும் பார்மலின் வாங்கிச் செலவு செய்யமாட்டார்கள். ஐந்தாறு நாள் லாரியில் வரும் விலை உயர்ந்த மீனில்தான் அந்த ஆசை வரும். தெரிந்த மீன்கார அம்மாவிடம் தொடர்ந்து வாங்குவதைவிட நல்ல சோதனை இன்னும் வரவில்லை.

சூரைக் கறி சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, தலைவலி. கூடச் சாப்பிட்ட இரண்டு பேருக்கும் அதே. எங்கள் குடும்பத்துக்கு மீன் ஒவ்வாமையா? – திருவட்டாறு

மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் வந்ததால் ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு குறைவு. மீன் வெயிலில் கிடந்திருக்கும். சூரை, அயிலை, சாளை இவற்றின் தசையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் அதிகம். பனிக்கட்டி இல்லாமல் சில மணி நேரம் கிடந்தால் நுண்ணுயிர்கள் அதை, ஒவ்வாமைபோல் உடம்பைத் தடிக்கவைக்கும் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். மீன் நாறுவதற்கு முன்பே இது நடந்துவிடும் என்பதுதான் வில்லங்கம். கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் உறையவைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. சில வேளை நாக்கில் மிளகு கடித்ததுபோல் சுரீர் என்று உறைக்கும். அப்படி உறைத்தால் அந்தக் கறியை அப்படியே கொட்டிவிடுங்கள்.

பெரும்பாலும் ஒரே நாளில் அடங்கிவிடும். மூச்சுத் திணறல், தலைச்சுற்றல், நெஞ்சுப் படபடப்பு இருந்தால் உடனே மருத்துவமனை. நல்ல சூரையைச் சாப்பிட்டபோதும் ஒருவருக்கு மட்டும் தடித்தால் அப்போது ஒவ்வாமைச் சோதனை செய்யலாம். சூரை வாங்கும்போது பனிக்கட்டியில் புதைந்து கிடக்கிறதா என்று மட்டும் பார்த்தால் பாதி ஆபத்து போய்விடும். வெட்டிய துண்டு வானவில்போல் மினுங்குவதோ, தேன்கூடுபோல் துளைவிட்டிருப்பதோ கண்டால் துளைவிட்டதை ஒதுக்குங்கள். மினுக்கம் கெடுதல் இல்லை. துளை கெட்டதன் அடையாளம்.

மகள் பிள்ளை பெற்று வந்திருக்கிறாள். பால் ஊறச் சுறாப்புட்டு கொடுப்பது எங்கள் பக்க வழக்கம். இப்போது சுறா கூடாது என்கிறார்களே? – நித்திரவிளை

வழக்கத்தில் நியாயம் உண்டு. முள் இல்லாத, எளிதில் செரிக்கும் புரதம், பூண்டு, மிளகு: பிரசவித்த உடம்புக்கு ஏற்ற சாப்பாடு. மாற்ற வேண்டியது மீனை மட்டும்தான்.

சுறா கடலில் வேட்டையாடும் உச்சியில் இருப்பது. பல வருடம் வாழும். பாதரசம் அதிகம் சேரும் மீன்களில் சுறா, மயில்மீன், வாள்மீன் மூன்றும் முன்னால் நிற்கின்றன. கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் சிறு பிள்ளைகளும் இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பது பல நாடுகளில் சொல்லப்படும் அறிவுரை. தாய்ப்பால் வழியாகவும் குழந்தைக்குப் போகும். சிறிய பால்சுறாவில் பெரிய சுறாவைவிடக் குறைவாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் சந்தையில் தோலுரித்துத் துண்டு போட்டு வைத்த பிறகு பால்சுறாவா பெருஞ்சுறாவின் குட்டியா என்று சொல்வது கடினம்.

இன்னொரு காரணம் கடலுக்கு. சாளை ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சுறா பல மாதம் சுமந்து சில குட்டிகளையே ஈனும். பிடித்த வேகத்தில் பெருகாது. அம்மணி உழுவை எனப்படும் திமிங்கிலச்சுறாவும் ரம்பம்போல் மூக்குள்ள வேளாமீனும் வேறு சில சுறா, திருக்கை இனங்களும் 2001 முதல் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உள்ளன. 2022ல் பட்டியல் இன்னும் நீண்டது. ஆழ்கடல் தூண்டிலில் பேர்பெற்ற தூத்தூர் வட்டாரத்து மீனவர்களுக்கு இந்தப் பட்டியல் உங்களைவிட நன்றாகத் தெரியும். சந்தேகம் வந்தால் அவர்களிடமே கேளுங்கள்.

மாற்றாக, பாறையோ சங்கராவோ முக்கால் கிலோ. மஞ்சள்பொடி, உப்பு போட்டு ஆவியில் 10 நிமிடம் வேகவையுங்கள். தண்ணீரில் போட்டு வேகவைத்தால் புட்டு உதிராமல் குழையும். ஆறியதும் தோலும் முள்ளும் நீக்கி உதிர்த்து, துணியில் கட்டிப் பிழியுங்கள். ஈரம் இருந்தால் வதக்கும்போது கட்டிகட்டும். இரண்டு கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, 15 பல் பூண்டு, 100 கிராம் உள்ளி (சின்ன வெங்காயம்) வதக்கி, உதிர்த்த மீனைப் போட்டு மிதமான தீயில் ஏழெட்டு நிமிடம் கிளறி, ஒரு தேக்கரண்டி மிளகுப்பொடியோடு இறக்குங்கள். பாறைக்குப் பக்கவாட்டில் வாலருகே சொரசொரப்பான செதில் வரி உண்டு. தோலோடு உரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தொண்டையில் குத்தும். காரல் மீன் ரசமும் பிள்ளை பெற்றவர்களுக்குப் பழைய பத்தியம்தான். வடிகட்டிக் கொடுங்கள், முள் அதிகம்.

குளச்சல் பக்கம் கிளாத்தி மிக மலிவாகக் கிடைக்கிறது. தீவனத்துக்குப் போகிற மீன் என்கிறார்கள். தின்னலாமா? – தக்கலை

தாராளமாக. தீவனத்துக்குப் போவது ருசி குறைவால் அல்ல. தோல் தடிமன், உரிக்கச் சோம்பல். வெள்ளைச் சதை, முள் குறைவு, பிள்ளைகளுக்கு நல்லது. கொழுப்பு குறைவு என்பதால் அதிகம் வெந்தால் நார்நாராகும். கறி கொதித்தபின் போட்டு எட்டு நிமிடத்தில் இறக்கிவிடுங்கள்.

ஆனால் தோலுரித்த கிளாத்தி என்று கூறுபோட்டு வைத்ததை வாங்காதீர்கள். முழுதாக வாங்கிக் கண்முன் உரித்து வாங்குங்கள். பேத்தை மீனையும் தலையும் தோலும் நீக்கினால் வெள்ளைச் சதைதான் தெரியும். பேத்தையின் ஈரல், சினை, தோல் இவற்றிலுள்ள நஞ்சு சமைத்தாலும் போகாது, உயிரைக் குடிக்கும். முழு மீனில் குழப்பமே இல்லை. கிளாத்திக்கு முதுகில் நிமிர்த்தினால் பூட்டிக்கொள்ளும் தடித்த முள், சொரசொரத் தோல், நம் பக்கம் அதிகம் வருவதற்குக் கருநீல உடலும் சிவந்த பல்லும். பேத்தைக்குச் செதில் கிடையாது, வயிறு தொளதொளவென்று ஊதும், வாயில் கிளி மூக்குபோல் மேலே இரண்டும் கீழே இரண்டுமாகப் பல்தகடு.

சிப்பி எப்போது வாங்கலாம்? எப்படிச் சுத்தம் செய்வது? – வெள்ளிச்சந்தை

நம் பாறைகளில் பிடிப்பது பழுப்புச் சிப்பி. தென்மேற்குப் பருவமழைக் காலம் அதன் முட்டைக்காலம். கடலும் மூழ்கிப் பறிக்க விடாது. அந்த மாதங்களில் விட்டுவிடுங்கள். கட்டைவிரல் நீளம்கூட இல்லாத குட்டிச் சிப்பியைப் பாறையோடு சுரண்டி வருவதை வாங்காமல் இருப்பது அடுத்த வருடத்துக்கு முதலீடு.

சிப்பி கடல்நீரை வடிகட்டித் தின்பது. நீரில் என்ன இருக்கிறதோ அது அதற்குள் இருக்கும். அதனால் துறைமுகச் சுவர், சாக்கடை விழும் இடம் இவற்றில் பறித்தது வேண்டாம். கடல் திடீரெனச் சிவந்தோ பச்சையாகவோ நிறம் மாறி மீன் செத்து ஒதுங்கினால், சில வாரம் சிப்பிப் பக்கமே போகாதீர்கள். 1997 செப்டம்பரில் பக்கத்து விழிஞ்ஞத்தில் நச்சேறிய சிப்பி தின்று உயிர்கள் போயிருக்கின்றன. அந்த நச்சும் வேகவைத்தால் போகாது. தின்றபின் உதடும் நாக்கும் மரத்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஓடுங்கள்.

சுத்தம் செய்ய: வாய் திறந்து கிடப்பதைத் தட்டிப் பாருங்கள், மூடாவிட்டால் எறியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 35 கிராம் கல்லுப்பு கரைத்து இரண்டு மூன்று மணி நேரம் போட்டு வைத்தால் மணலைத் துப்பும். உப்பில்லாத நல்ல தண்ணீரில் போட்டால் செத்துவிடும், துப்பாது. ஓட்டைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் ஊற்றாமல் மூடிய சட்டியில் வையுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் வாய் திறக்கும். அதன்பின் இன்னும் நான்கு நிமிடம். திறக்காததை நெம்பித் தின்ன வேண்டாம். சதையில் ஒட்டிய நாரைப் பிடித்து இழுத்தெடுத்தபின்தான் மசாலா.

கன்னியாகுமரிக்கு வரும் உறவினர்கள் சிங்கி இறால் கேட்கிறார்கள். எதைப் பார்த்து வாங்க? – அஞ்சுகிராமம்

முழுதாகக் காட்டச் சொல்லுங்கள். வாலின் அடியில் ஆரஞ்சு அல்லது பழுப்பு நிறத்தில் முட்டைக்கொத்து இருந்தால் வேண்டாம். முட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டு விற்பதும் உண்டு. அடிவயிற்றுத் துடுப்புகள் பிய்ந்து கிழிந்திருப்பது அதற்கு அடையாளம். நம் பாறைகளில் அதிகம் கிடைக்கும் சிங்கிக்கு ஏற்றுமதிக்கான குறைந்தபட்ச எடை 200 கிராம். பச்சை நிற மணிச்சிங்கிக்கு 500. ஏற்றுமதியில் தள்ளுபடியான குட்டிகள்தான் பல நேரம் உள்ளூர்த் தட்டில் வருகின்றன. 200க்குக் கீழே என்றால் உறவினர்களுக்குக் கணவாய் வறுவல் போடுங்கள், குறை சொல்லமாட்டார்கள்.

இறாலின் தலை கறுத்திருந்தால் கெட்டதா? – திங்கள்சந்தை

கறுப்பு மட்டும் என்றால் இல்லை. வெட்டிய வாழைக்காய் கறுப்பதுபோல் காற்றுப்பட்டு வருவது. தலை ஆடி, உடல் தொளதொளத்து, அம்மோனியா நெடி அடித்தால்தான் கெட்டது.

2025 மே மாதம் கேரளக் கடலில் சரக்குக் கப்பல் மூழ்கி, பிளாஸ்டிக் மணிகள் நம் கரையிலும் ஒதுங்கின. மீன் சாப்பிடவே பயமாக இருக்கிறது. – இராஜாக்கமங்கலம்

எல்சா 3 கப்பலிலிருந்து வந்த அந்த மணிகள் பருப்பளவு இருக்கும். மீன் விழுங்கினாலும் குடலில்தான் நிற்கும், தசைக்குள் போகாது. குடல் எடுத்த மீனில் அந்த மணியைப் பற்றிக் கவலை வேண்டாம். நெத்தோலியை முழுதாகப் போடுகிறவர்கள் தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வரும். அந்த வேலையை மட்டும் விடாதீர்கள். கப்பலில் இருந்த கால்சியம் கார்பைடு தண்ணீர் பட்டதும் வாயுவாகவும் சுண்ணாம்பாகவும் பிரிந்துவிடும், மீனில் சேராது.

குளச்சலில் காலையில் வாங்கி, பேருந்தில் பேச்சிப்பாறை போய்ச் சேர மதியமாகிறது. எப்படிக் கொண்டுபோவது? – பேச்சிப்பாறை

கிலோ மீனுக்குக் கிலோ பனிக்கட்டி. கஞ்சத்தனம் இங்கே ஆகாது. பொடித்த பனிக்கட்டியாக இருக்கட்டும். பெரிய கட்டி மீனை நசுக்கும், இடைவெளியில் குளிர் போகாது. அடியில் ஒரு அடுக்கு பனி, மேலே மீன், மறுபடி பனி. உருகும் நீர் வடிய வழி வேண்டும். அழுக்குத் தண்ணீரில் ஊறினால் பனி இருந்தும் பயனில்லை. முடிந்தால் கரையிலேயே குடலும் செவுளும் எடுத்துவிடுங்கள். சாளைக்கு மட்டும் வீட்டில் வந்து எடுங்கள், வயிற்றுச் சதை மென்மை, கிழிந்த இடம் சீக்கிரம் கெடும்.

குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு. உறைபெட்டியில் சாளை, அயிலைக்கு இரண்டு மாதம். அதற்குமேல் கொழுப்பு காறி நாறும். சங்கரா, பாறை ஐந்தாறு மாதம் தாங்கும். ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பொட்டலம் கட்டுங்கள். முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி இளக்குங்கள். வெந்நீரில் போட்டு அவசரப்படுத்தினால் வெளியே வெந்து உள்ளே கல்லாக இருக்கும்.

அப்பாவுக்கு இரத்த அழுத்தம். கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. என்ன செய்ய? – ஆரல்வாய்மொழி

உப்பிட்ட பெரிய துண்டுக் கருவாட்டை விட்டு, உப்பில்லாமல் வெயிலில் உலர்த்திய நெத்தோலிக் கருவாட்டுக்கு மாற்றுங்கள். கேட்டு வாங்க வேண்டும், பார்த்துத் தெரியாது. ஒன்றை நாக்கில் வைத்தால் தெரியும். எப்படியானாலும் வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, இன்னொரு முறை ஊறவையுங்கள். கறிக்குத் தனியாக உப்பு வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாள், ஒரு சின்னக் கைப்பிடி என்று அவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். மணலில் உலர்த்தியதைவிடப் பரண்மேல் வலை விரித்து உலர்த்தியதைத் தேடுங்கள். மேலே இளஞ்சிவப்பாகப் படர்ந்திருந்தால் அது உப்பில் வளரும் நுண்ணுயிர். கழுவி மறுபடி வெயிலில் போட்டு விற்பார்கள், வாங்க வேண்டாம்.